அக்காவுக்கு ஐந்து வயது

பெட்டிக்குள் படுத்திருந்தவளுக்கு வயது ஐந்து. வெளியே நின்று அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கைக்குப் பதினெட்டு.

ராயப்பனுக்கு இது பிடிபடச் சற்று நேரமானது. தூத்துக்குடியில் கிளம்பி, மூன்று விமானம் மாறி, மலாவியின் ஏரிக்கரைச் செம்மண் சாலையில் குலுங்கி, அன்று காலைதான் சிபாலே கிளினிக்கில் வந்து இறங்கியிருந்தான். உறக்கப் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலை. பெட்டியின் ஒவ்வொரு திருகாணியும் அவனுக்குத் தெரியும். உள்ளே ஆள் இருந்து பார்த்ததில்லை.

"டாக்டரக்கா, இவ பேரு என்ன?"

"அலினாஃபே." டாக்டர் செண்பகவல்லி ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். "துடைக்கிறது டியாமிகே. தங்கச்சி."

"அக்காவ மாத்திச் சொல்லுதீய."

"மாத்தலப்பா. இவ உள்ள போகும்போது அதுக்கு மூணு வயசு. அம்மா இடுப்பை விட்டு இறங்காதாம். பதினஞ்சு வருஷம் ஆச்சு. அது வளர்ந்துச்சு, இது வளரல."

பெட்டியின் தத்துவம் எளிமையானது. உடலைக் குளிர்வித்து, மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் பேருக்கு வைத்துக்கொண்டு, உயிரை அப்படியே நிறுத்தி வைப்பது. பசி கிடையாது. வளர்ச்சி கிடையாது. நோயும் முற்றாது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்து, உதடு நீலமாகி, நாலு அடி நடந்தால் குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்கும் குழந்தைகளுக்காகச் செய்தது. அறுவை மருத்துவர் வரும் வரை தூங்கட்டும் என்பது யோசனை.

நல்ல யோசனைதான். அதற்கு முன்பெல்லாம் குழந்தைகள் காத்திருந்தே செத்தார்கள்.

"பதினஞ்சு வருஷமா ஆபரேஷன் பண்ண ஆளே வரலியாக்கா?"

"வர்றாக. வருஷத்துக்கு ஒரு தடவை தலைநகரத்துக்கு ஒரு குழு வரும். நம்ம கிளினிக்குக்கு ஒரு இடம். வண்டி வந்து ஒரு பிள்ளையக் கூட்டிட்டுப் போகும்."

"அப்ப இவதானே மொதல்ல வந்தவ?"

"மொதல்ல வந்தவங்களுக்கு இல்ல ராயப்பா, மொதல்ல சாகப் போறவங்களுக்கு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அவசர எண் போடும். தூங்குறவளுக்கு என்ன அவசரம்? பூஜ்யம். எந்த வருஷமும் வெளிய மூச்சு வாங்கிக்கிட்டிருக்குற ஒரு பிள்ளை இவள முந்திரும். இடம் கிடைக்காத மத்த பிள்ளைங்க பெட்டிக்குள்ள போயிரும். அதுகளுக்கும் பூஜ்யம் ஆயிரும்."

ராயப்பன் அந்தக் கூடத்தைப் பார்த்தான். இரண்டு வரிசையாக இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு.

"அப்ப இது வரிசை இல்லக்கா. குடோன்."

"வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்ட. எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

அவள் ஆறு வருடமாக இங்கே இருக்கிறாள். கோவில்பட்டியில் இருந்தபோது குழந்தைகளின் சாவைப் பார்த்திருக்கிறாள், ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். இங்கே வந்த பிறகு ஒரு சாவைக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளைக் களைப்பாக்கியது.

ஆரம்பத்தில் அறுவைக்குழு வருடத்துக்கு இரண்டு முறை வந்ததாம். ஐந்து பிள்ளைகளை அழைத்துப் போனதாம். சாவு நின்றதும் நன்கொடை தருகிறவர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தவர்களுக்கு அவசரம் குறைந்தது. மருத்துவரைவிடப் பெட்டி மலிவு.

ஜன்னலுக்கு வெளியே கொட்டகையில் புகை எழுந்தது. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க யாரு?"

"காவலருங்க. இந்த ஊர் வழக்கம். ஆஸ்பத்திரில நோயாளிக்குச் சோறு கிடையாது. கூட ஒருத்தர் தங்கிப் பொங்கிப் போடணும்."

"பிள்ளைகதான் தூங்குதே, யாருக்குப் பொங்குதாவ?"

"பிள்ளைக்குத்தான். தட்டுல களியப் போட்டுப் பெட்டி பக்கத்துல கொஞ்ச நேரம் வைப்பாங்க. அப்புறம் அவங்களே சாப்பிட்டுருவாங்க. ஊருக்குப் போங்க, நாங்க பார்த்துக்கிறோம்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கேக்கல. காவலர் இல்லாத நோயாளி பிணத்துக்குச் சமம்னு நினைக்காங்க. வயக்காட்டு வேலைக்குப் போவாங்க, திரும்ப வந்துருவாங்க."

அப்போது கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லி. முன்பல் இரண்டு இல்லை. தலைத்துணிக்கு வெளியே நரைத்த முடி தெரிந்தது. வயது முப்பத்தேழு என்று சொன்னால் ராயப்பன் நம்பியிருக்க மாட்டான்.

"டொக்டாலா," என்றாள் எஸ்நாத். அலினாஃபேயின் அம்மா. "என் மகளை எழுப்புங்க."

செண்பகவல்லிக்கு சிச்செவா மொழி சரளமாக வரும்.

"எதுக்கு இப்ப, அமாயி?" அங்கே எந்தப் பெண்ணையும் அமாயி என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் அம்மா என்பது போல.

"வண்டி வரப் போகுது. இனிமே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருமாமே. நிஜமா?"

"நிஜம்."

"போன வருஷம் ஒரு பொண்ணு போனா. அதுக்கு முந்தி ஒரு பையன். எல்லாம் முழிச்சிருந்த பிள்ளைங்க. பெட்டியிலிருந்து ஒருத்தியாவது போனாளா?"

"எழுப்பிட்டா திரும்பத் தூங்க வைக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"மூளை தாங்காது," என்று ராயப்பன் தமிழில் சொன்னான், அவளுக்குப் புரியும் என்பது போல. மொழி தெரியாவிட்டாலும் அவள் பெட்டியைப் பார்த்துப் பேசியதிலேயே விஷயம் பிடிபட்டிருந்தது. "ஒரு தடவைதான்னு சொல்லுங்கக்கா."

"சொல்லிட்டேன்." செண்பகவல்லி எஸ்நாத்தின் பக்கம் திரும்பினாள். "இப்ப வரிசையில முதல்ல சிசோமோ இருக்கா. மெர்விஸோட பொண்ணு. உங்க மகள் எழுந்தா அவளைவிட மோசமா இருப்பா. கம்ப்யூட்டர் அவளை முன்னால போடும். சிசோமோவுக்கு இடம் போயிடும்."

எஸ்நாத் சிரித்தாள். பல் இல்லாத இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பழக்கம் அவளுக்கு.

"பதினஞ்சு வருஷமா என் மகளைத் தாண்டி யார் யாரோ போனாங்க. அவங்க அம்மாக்கள்கிட்ட இதைச் சொன்னீங்களா, டொக்டாலா?"

சொன்னதில்லை.

"எனக்கு வயசாகுது. இவ சின்னவ, நாளைக்குக் கல்யாணமாகிப் போயிடுவா. நான் செத்த பிறகு என் மகள் எழுந்தா, அவளுக்கு யாரைத் தெரியும்? அஞ்சு வயசுப் பிள்ளை, டொக்டாலா. ஒரு ஆஸ்பத்திரி நிறைய அந்நியர்களுக்கு நடுவுல கண்ணைத் திறக்கணுமா?"

*

ஹென்ரிக் திரையில் எப்போதும் போலப் புன்னகையோடு தோன்றினார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரம். பின்னால் ஜன்னலில் பனி. திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்.

"டாக்டர், அவள் பாதுகாப்பாக இருக்கிறாள். எதற்காகப் பாதுகாப்பைக் கலைக்க வேண்டும்?"

"அம்மா கேட்கிறாள்."

"இடம் கிடைக்கும் முன் ஏதாவது ஆகிவிட்டால்? நம் திட்டத்தின் முதல் சாவாக இருக்கும்."

"ஒன்று சொல்லுங்கள் ஹென்ரிக். இந்தக் குழந்தைகளை எப்போது எழுப்புவதாக உத்தேசம்?"

"அறுவைக்கு இடம் கிடைக்கும்போது."

"தூங்குகிற வரை கிடைக்காது."

ஹென்ரிக் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். கிறிஸ்துமஸுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொம்மை அனுப்புகிறவர். பொம்மைகள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தன.

"காவலர் கேட்டால் எழுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது," என்றார் கடைசியில். "யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து எழுதியது. கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்."

திரை அணைந்ததும் ராயப்பன் மெல்லச் சொன்னான்: "நல்ல மனுசன்க்கா. தூக்கத்துல எழுப்புனா கோவப்படுத ஆளு மாதிரித் தெரியல. ஆனா முழிக்க மாட்டாரு."

செண்பகவல்லி பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

*

எழுப்புகிற அன்று காலை கொட்டகையே பரபரப்பாக இருந்தது. எஸ்நாத் தன் மூட்டையின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். மஞ்சள் துணியில் கறுப்புக் கோழிகள் அச்சிட்டது. அங்குள்ள பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வார்களே, அது. அலினாஃபேயைப் பெட்டியில் படுக்க வைத்த அன்று கட்டியிருந்தது. பதினைந்து வருடமாகப் பிரித்ததில்லை. நிறம் போகவில்லை.

அதை டியாமிகேயிடம் நீட்டினாள்.

"நீ கட்டிக்கோ."

"உன்னோடதும்மா. நீ கட்டு."

"எனக்கு எதுக்குடி? வயசுப் பொண்ணு நீ. விவரம் தெரிஞ்சு முதல் தடவையா முழிச்ச அக்காவைப் பார்க்கப் போறே. நல்லதா கட்டிக்கிட்டுப் போ."

நல்ல துணி இருந்தால் அதை மகளுக்குத்தான் கட்டிவிடுவார்கள் அங்கே. யாருக்கும் அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. டியாமிகே கட்டிக்கொண்டாள். மற்ற பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். எஸ்நாத் பக்கத்துக் காவலரிடம் இரவல் வாங்கிய ஊதா நிறத் துணியைக் கட்டிக்கொண்டாள்.

ராயப்பன் பெட்டியின் சூட்டைச் சிறிது சிறிதாக ஏற்றினான். உச்சிவேளை தாண்டியது. நெற்றியில் வியர்வையோடு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அக்கா, வந்துட்டா," என்றான்.

மூடி திறந்தது. அலினாஃபேயின் விரல்கள் அசைந்தன. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. கண்ணைத் திறந்தாள். டாக்டரைப் பார்த்தாள், மிரண்டாள். ராயப்பனைப் பார்த்தாள், இன்னும் மிரண்டாள். பிறகு பார்வை மஞ்சள் துணியில் வந்து நின்றது. மேலே ஏறியது.

"அமா," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

டியாமிகேயை நோக்கி.

பதினெட்டு வயது டியாமிகே, இருபத்திரண்டு வயது எஸ்நாத்தின் அச்சு. அதே நெற்றி. அதே துணி. குழந்தைக்கு நேற்று ராத்திரி தூங்கி இன்று காலை எழுந்த கணக்கு.

டியாமிகே திரும்பி அம்மாவைப் பார்த்தாள். எஸ்நாத் ஓர் அடி முன்னால் வைத்திருந்தாள். அதைப் பின்னால் எடுத்தாள். தலையை மட்டும் லேசாக அசைத்தாள். போ.

டியாமிகே குனிந்து தூக்கிக்கொண்டாள்.

"டியாமிகே எங்கம்மா?" குழந்தை மூச்சு வாங்கியபடி கேட்டது.

"அவ... அவ தூங்குறா."

"என் மாம்பழத்த அவ தின்னுட்டாளா?"

"இல்ல. வச்சிருக்கா."

குழந்தையின் பார்வை தோளுக்கு மேலே வந்தது. "இந்த அமாயி யாரு?"

எஸ்நாத் வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். "நான் உன் காவலர், கண்ணு," என்றாள். "உனக்குக் களி கிண்டுறவ."

செண்பகவல்லி நாடி பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

*

கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்தது. அலினாஃபேயின் எண் சாயங்காலத்துக்குள் உச்சிக்குப் போனது. சிசோமோ இரண்டாவதாக இறங்கினாள்.

மெர்விஸ் கொட்டகைக்கு வந்து எஸ்நாத்தின் எதிரே நின்றாள். பருத்த, சத்தமான பெண். சந்தையில் மீன் விற்பவள். இடுப்பில் நீலத் துணி, அதில் வெள்ளை மீன்கள். முதுகில் சிசோமோ தொங்கிக்கொண்டிருந்தாள், கண் பாதி மூடி.

"பதினஞ்சு வருஷம் காத்திருந்தியே மகராசி, இன்னும் ஒரு வாரம் காத்திருக்கக் கூடாதா? என் பொண்ணு போன பிறகு எழுப்பினா உன் கை தேஞ்சா போகும்?"

எஸ்நாத் அடுப்பை ஊதினாள். "உட்காரு."

"உட்காரத்தான் போறேன். வேற எங்க போறது? பெட்டி காலியாயிருக்குல்ல. என் மகளுக்குச் சொல்லி வச்சுட்டாங்க."

அது உண்மை. ஹென்ரிக் அன்றைக்கே உற்சாகமாக அழைத்திருந்தார். எல்லாம் கச்சிதமாக அமைந்துவிட்டது என்றார். ஒரு குழந்தைக்கு அறுவை, இன்னொன்றுக்குப் பெட்டி. சாவு இல்லை.

வெள்ளை வண்டி வந்தது. ஒரு நோயாளி, ஒரு காவலர், அவ்வளவுதான் இடம். அலினாஃபே டியாமிகேயின் கழுத்தை விடவில்லை. யார் ஏறுவது என்ற கேள்வியே எழவில்லை. எஸ்நாத் ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"மாம்பழம்," என்றாள். "அறுத்துக் கொடு. நார் தொண்டையில சிக்கும்."

"அம்மா..." என்றாள் டியாமிகே.

"நீதான் அம்மா. போ."

வண்டி புழுதியில் மறைந்தது. எஸ்நாத் திரும்பிக் கொட்டகைக்கே வந்தாள். பெட்டியில் யாரும் இல்லை. ஆனாலும் களி கிண்டினாள். தட்டில் போட்டு மெர்விஸின் முன்னால் வைத்தாள். மெர்விஸ் அதைத் தள்ளிவிடவில்லை.

ராயப்பன் அதே பெட்டியைச் சிசோமோவுக்குத் தயார் செய்தான். குழந்தை தூங்கியதும், கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு மெர்விஸ் நின்றாள். சத்தமெல்லாம் போயிருந்தது.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று எஸ்நாத்திடம் கேட்டாள். டாக்டரிடம் கேட்கவில்லை.

எஸ்நாத் மெர்விஸின் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதைத்தான் அவ கடைசியாப் பார்த்தா?"

"ஆமா."

"இதை யாருக்கும் கொடுத்துடாதே. மகளுக்குக்கூட. எழுப்புற அன்னைக்கு நீயே கட்டிக்கோ. முகம் மாறினாலும் துணியாவது அவளுக்குத் தெரியட்டும்."

கொட்டகையில் மற்ற காவலர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அடுப்பை அணைத்தாள். இன்னொருத்தி தன் மூட்டையை இழுத்துப் பிரித்தாள்.

*

சில நாள் கழித்து டியாமிகேயிடமிருந்து போன் வந்தது. அறுவை முடிந்தது. உதடு சிவந்துவிட்டது. படியேறினாளாம், குந்தவில்லையாம். எஸ்நாத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் சிரிப்பதைக் கேட்டாள். "யாரு பேசுறது?" என்றது குரல். "காவலர்," என்றாள்.

மறுநாள் காலை செண்பகவல்லி கதவைத் திறந்தபோது ராயப்பன் வெளியே நின்றிருந்தான். டீ கொண்டுவந்திருந்தான். குடிக்கக் கொடுக்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் வாங்க."

கூடத்தின் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பிடித்துத் தள்ளவில்லை, சத்தம் போடவில்லை. ஒவ்வொருத்தியும் பழைய துணி ஒன்றைக் கட்டியிருந்தாள். வெளுத்தது, எலி கடித்தது, இடுப்புப் பெருத்துச் சுற்றளவு போதாதது, பாதிக்கு மேல் ஒட்டுப்போட்டது. பிள்ளையைப் படுக்க வைத்த அன்று கட்டிய துணி.

"எழுப்புங்க, டொக்டாலா," என்றாள் முதலில் நின்றவள்.

"இந்த வருஷ இடம் முடிஞ்சுபோச்சு. குழு கிளம்பிடுச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"எல்லாரையும் எழுப்பினா..." என்று இழுத்தாள் செண்பகவல்லி.

"எல்லாரும் அவசரம் ஆயிடுவாங்க," என்று அந்தப் பெண் முடித்தாள். "தூங்குறவங்களுக்கு வண்டி வராது. அதானே இவ்வளவு நாளா பார்த்தோம்? கிளம்பினவங்க திரும்பி வரட்டும்."

"வரலேன்னா?"

அவள் தன் துணியின் முந்தியைச் சரிசெய்துகொண்டாள். "இதுல எத்தனை ஒட்டுன்னு பாருங்க. இன்னொண்ணு போட இடமில்ல."

ராயப்பன் தமிழில் கிசுகிசுத்தான். "என்னக்கா சொல்லுதாவ? பந்தயம் வைக்காவளா? பிள்ளைகளையா?"

"அதைத்தான் இவ்வளவு நாளா நாம வச்சிருந்தோம், ராயப்பா. தோத்தது மட்டும் தெரியல." அவள் உள்ளே திரும்பினாள். "ஹென்ரிக்கக் கூப்பிடு. அங்க இன்னும் விடிஞ்சிருக்காது. பரவால்ல, எழுப்பு."

அழைப்பு மணி போய்க்கொண்டேயிருந்தது. அவள் ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்தாள். கடைசி வரை பார்த்தாள்.

கடைசியில் மெர்விஸ் நின்றிருந்தாள். அவளுடைய நீலத் துணி மட்டும் புதிதாக இருந்தது. வெள்ளை மீன்கள் வெயிலில் மின்னின.